ஈரல் நோயும் மூளையின் குருதியோட்டமும்

(ஜீவனஹள்ளியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையரங்கிற்கும் நாடகத்திற்கும் இடையே மருத்துவ உரை ஒன்றினைச் செருகியிருக்கின்றனர் விழாக் குழுவினர். நாடகம் காண வந்த சிறுவர் முகம் சுளிப்பதை மேடையிலிருந்தே காண்கிறோம். அவர்கள் சிறிது பொறுத்தருளல் வேண்டும்.

மஞ்சட் காமாலை என்னும் சொல்லைக் கேளாத குடும்பம் இக்குடியிருப்பில் இராது. அச்சொல் காதில் விழுந்ததும் நாம் என்ன செய்கிறோம்? நோயாளியின் கண்ணிமையை விலக்கிப் பார்க்கிறோம், நகத்தை அழுத்திப் பார்க்கிறோம், சோதனைச் சாலையிலிருந்து தாள் வந்ததும் "பிலிருபின் எத்தனை?" என்று வினவுகிறோம். இவை வேண்டா என்று யாம் கூறவில்லை. ஆனால் இவற்றால் அறியப்படாத ஓர் இடர் உண்டு. நேற்றுவரை நலமாக இருந்த ஈரல் சில நாட்களுக்குள் திடீரெனச் செயலற்றுப் போகுமாயின், அந்நோயாளிக்குப் பெருங்கேடு வயிற்றிலிருந்து வருவதினும் தலையிலிருந்து வருதல் உண்டு. மூளை வீங்குகிறது. ஈரலுக்கு வந்த நோயில் மூளை ஏன் வீங்க வேண்டும், அதனை வீட்டிலிருப்போர் எங்ஙனம் முன்னரே உணரலாம் என்னும் இரண்டினையுமே இன்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு வேறுபாட்டை முதற்கண் தெளிவுபடுத்தல் நன்று. பல்லாண்டு மது அருந்தி ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து வருந்துவோரை நாம் கண்டிருக்கிறோம். அது மெல்ல வரும் நோய். அவர்தம் மூளையும் மெல்ல மெல்ல அந்நிலைக்குப் பழகிக்கொள்கிறது; ஆகலின் அவர்க்கு மூளை வீங்குதல் அரிது. யாம் பேசுவது அதனைப் பற்றியன்று. முன்பு ஈரல் நோயே அறியாதவர்க்குக் காமாலை தோன்றிச் சில நாட்களிலோ வாரங்களிலோ அறிவு மயங்குமாயின், அதனையே திடீர் ஈரல் செயலிழப்பு என்பர். நம் நாட்டு மருத்துவர் இதற்கு 4 வார எல்லை வகுத்துள்ளனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர் 1993-இல் இதனை மூன்றாகப் பகுத்தனர்: காமாலை கண்ட 7 நாட்களுக்குள் மயங்குவோர், 8 முதல் 28 நாட்களுக்குள் மயங்குவோர், அதற்கும் பின்னர் 12 வாரத்திற்குள் மயங்குவோர் என்று. இப்பகுப்பில் ஒரு வியப்பு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

ஈரல் செய்யும் தொழில்கள் மிகப் பல. சர்க்கரையைச் சேர்த்துவைத்து வேண்டும்போது தருவது அது. வெட்டுக்காயத்தில் குருதி உறைவதற்கு வேண்டும் பொருள்களைச் செய்வது அது. நம் பேச்சுக்கு இன்றியமையாத தொழில் வேறொன்று. பருப்பு, முட்டை, இறைச்சி முதலியவற்றிலுள்ள புரதம் சிதையும்போது குடலில் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. குடலிலிருந்து திரும்பும் குருதி ஈரலின் வழியே செல்ல வேண்டும் என்பது இயற்கை வகுத்த ஒழுங்கு. ஊர் எல்லையில் இருக்கும் சுங்கச்சாவடியைப் போல ஈரல் அந்நச்சினை நிறுத்தி, யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்திற்கு அனுப்பிவிடுகிறது. இம்மாற்றம் நிகழும் முறையை 1932-இல் செருமனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் கண்டறிந்தனர். அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகட்கு முன்னரே, 1893-இல், உருசிய நாட்டுப் பாவ்லவும் அவர் தோழர்களும் குடற்குருதி ஈரலுக்குச் செல்லாமல் திருப்பிவிடப்பட்ட நாய்களை ஆராய்ந்தனர். மணியோசை கேட்டு நாய்க்கு வாயூறும் சோதனையால் நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் அதே பாவ்லவ்தான். அந்நாய்கள் இறைச்சி உண்டதும் தள்ளாடின, பார்வை இழந்தன, மயங்கி வீழ்ந்தன. ஈரலைக் கடந்து செல்லும் ஏதோ ஒன்று மூளையைத் தாக்குகிறது என்பது அன்றே புலனாயிற்று.

ஈரல் நின்றுவிட்டால் அம்மோனியா தடையின்றி மூளைக்குச் செல்கிறது. அங்கே நரம்பணுக்களுக்குத் துணையாக விண்மீன் வடிவில் அமைந்த உயிரணுக்கள் உள்ளன. அம்மோனியாவை அடக்கும் பொறுப்பு அவற்றின் தலையில் விழுகிறது. அவை அதனைக் குளுட்டமின் என்னும் பொருளாக்கித் தம்முள்ளேயே சேர்த்துவைக்கின்றன. சேரச் சேர, இரவில் ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் பருத்திருப்பது போல, நீரை இழுத்துப் பருக்கின்றன. கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தமனிக் குருதியில் அம்மோனியா மிகுந்தோர்க்கே மூளை பிதுங்கி இறக்கும் இடர் மிகுதி என்பதைக் காட்டினர். லிட்டருக்கு 150 மைக்ரோமோல் அளவை அது நெருங்கினாலே மருத்துவர் கவலையுறத் தொடங்குவர்.

கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து அமரலாம். மூளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. மண்டையோடு மூடிய எலும்புப் பேழை. அதனுள் ஏறத்தாழ 80 விழுக்காடு மூளைத் திசு, 10 விழுக்காடு குருதி, 10 விழுக்காடு தெளிந்த நீர். இவற்றுள் ஒன்று மிகுமாயின் மற்றொன்று குறைந்தே ஆகவேண்டும் என்னும் கணக்கை எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும், அவர் மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் எடுத்துரைத்தனர். வீக்கம் தொடங்கும்போது நீரும் குருதியும் சிறிது வெளியேறி இடம் விடுகின்றன. அதுவரை வெளியில் ஒன்றும் தெரியாது. அவ்விடமும் தீர்ந்தபின் சிறிதளவு வீக்கம் மிகுந்தாலும் அழுத்தம் விரைந்து ஏறுகிறது. படுத்திருக்கும் நலமுள்ளவர் மண்டையுள் அழுத்தம் 15 மில்லிமீட்டர் பாதரசத்திற்கு மேற்படாது. 20-ஐத் தாண்டி நின்றால் இடர். இன்னும் ஏறினால் மூளை, மண்டையின் அடியிலுள்ள துளையை நோக்கிப் பிதுங்குகிறது. மூச்சை இயக்கும் நடுவம் அங்கேதான் இருக்கிறது.

இனிக் குருதியோட்டம். நம் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, நெஞ்சு வெளியேற்றும் குருதியில் ஏழிலொரு பங்கினைக் கொள்கிறது. நூறு கிராம் மூளைக்கு நிமிடந்தோறும் 50 மில்லிலிட்டர் என்பது கணக்கு. இக்குருதி மண்டைக்குள் செல்ல வேண்டுமாயின் உள்ளிருக்கும் அழுத்தத்தை வென்று செல்ல வேண்டும். சராசரிக் குருதியழுத்தம் 80, மண்டையுள் அழுத்தம் 10 எனில், தள்ளும் வலிமை 70. மண்டையுள் அழுத்தம் 40-ஆக ஏறிவிட்டால் அவ்வலிமையும் 40-ஆகக் குறைகிறது. 60-க்குக் கீழே செல்லாமல் காப்பதே மருத்துவர் முயற்சி.

அங்ஙனமாயின் குருதியழுத்தத்தை மருந்தால் ஏற்றிவிடலாமே என்று கூட்டத்திலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் நினைக்கக்கூடும். நோயின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கிறது. நம் முன்னோர் ஊர்களில் ஏரி மதகினைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஏரியில் நீர் மிகுந்தால் மதகைச் சற்றே அடைப்பார். குறைந்தால் அகலத் திறப்பார். கழனிக்குச் செல்லும் நீர் ஒரே அளவாக இருக்கும். மூளையின் சிறு தமனிகள் நலமுள்ளவர்க்கு இத்தொழிலையே செய்கின்றன. சராசரிக் குருதியழுத்தம் 60-இலிருந்து 150 வரை ஏறி இறங்கினாலும் மூளைக்குச் செல்லும் குருதி மாறுவதில்லை என்பதை 1959-இல் டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் லாசன் விளக்கினார். திடீர் ஈரல் செயலிழப்பில் இந்நீர்க்கட்டி உறங்கிவிடுகிறார். அந்நாட்டு மருத்துவரே 1995-இல் இதனை நோயாளிகளிடம் அளந்து நாட்டினர். குருதியழுத்தம் ஏறினால் அவ்வேகத்திலேயே குருதி மூளைக்குள் புகுந்து வீக்கத்தை மிகுவிக்கிறது. இறங்கினால் மூளை பிராணவாயுவின்றி வாடுகிறது. நோயின் தொடக்கத்தில் மூளையின் உழைப்பே குறைந்திருப்பதால் குருதியோட்டமும் குறைந்திருத்தல் உண்டு. முற்றிய நிலையில் சிலர்க்கு அது வேண்டுவதினும் மிகுந்து பாய்கிறது. ஆகவே ஏற்றுவதும் குற்றம், இறக்குவதும் குற்றம் என்னும் ஒடுங்கிய வரப்பின்மேல் மருத்துவரும் செவிலியரும் இரவும் பகலும் நடக்கின்றனர்.

ஆனால் 1997-இல் அதே நகரத்தார் வெளியிட்ட செய்தி ஒன்று எமக்குப் பெருமகிழ்ச்சி அளிப்பது. ஈரல் தேறிய பின்னரோ, மாற்று ஈரல் பொருத்திய பின்னரோ உறங்கிய நீர்க்கட்டி மீண்டும் விழித்துக்கொள்கிறார் என்பதே அது.

மேலே சொல்லாது விட்ட வியப்பு இதுதான். ஏழு நாட்களுக்குள் மயங்குவோர்க்கே மூளை வீக்கம் மிகுதி, கேட்கவே அஞ்சத்தக்கது. ஆயினும் மாற்று ஈரலின்றித் தாமே பிழைக்கும் வாய்ப்பும் அவர்க்கே மிகுதி. வாரக்கணக்கில் மெல்லத் தேய்ந்து மயங்குவோர்க்கு மூளை அவ்வளவு வீங்குவதில்லை. ஆனால் ஈரல் தானே தேறுவதும் அரிது. விரைந்து தாக்குண்ட ஈரல் விரைந்து வளரவும் வல்லது. வெட்டிய முருங்கை துளிர்ப்பது போல ஈரல் துளிர்க்கும், மூளை துளிர்க்காது. ஈரல் துளிர்க்கும் அச்சில நாட்கள் மூளையைக் கெடாமல் காத்துக்கொடுத்தால், மயங்கிக் கிடந்த இளைஞர் பழுதின்றி வீடு திரும்புவார். எனவேதான் ஒரு நாள் என்ன, ஒரு பொழுது தாமதமும் பெரிது என்கிறோம்.

அந்நாட்களில் மருத்துவமனையில் என்ன செய்கின்றனர்? தலைமாட்டை 30 பாகை அளவு உயர்த்திக் கழுத்தை நேராக வைக்கின்றனர். கழுத்து ஒருபுறம் மடிந்தால் மூளையிலிருந்து குருதி இறங்கும் வழி நெருக்குண்ணும். செறிவு மிக்க உப்புநீர் ஏற்றிக் குருதியின் சோடியத்தை 145 முதல் 150 வரை வைத்து, வீங்கிய உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கின்றனர். அழுத்தம் திடீரென ஏறினால் மேனிட்டால் என்னும் மருந்து. சிறுநீரகத் துப்புரவுக் கருவியை இடையறாது ஓட்டி அம்மோனியாவைக் குறைக்கின்றனர். மூச்சுக் கருவியால் விரைந்து மூச்சு விடச் செய்தால் கரியமில வாயு குறைந்து மூளைத் தமனிகள் சுருங்கும். ஆனால் நெடுநேரம் அவ்வாறு செய்தல் மூளையைப் பட்டினி போடுவதாகும். உடலைக் குளிர்விக்கும் முறை ஒரு காலத்தில் பெரிதும் போற்றப்பட்டது. 34 பாகை வரை குளிர்வித்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானபோது அதனால் தனிப்பயன் காணப்படவில்லை. அதே 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்பிக்கை ஊட்டியது. 182 நோயாளிகளுள் ஒரு சாரார்க்குக் குருதியின் நீர்ப்பகுதியைப் பேரளவில் மூன்று நாள் மாற்றிப் பார்த்தனர். மாற்றப்பெற்றோருள் 58.7 விழுக்காட்டினரும், பெறாதோருள் 47.8 விழுக்காட்டினரும் பிழைத்தனர்.

மண்டையுள் அழுத்தத்தை அளக்கத் துளையிட்டுக் கருவி வைக்கலாம். ஆனால் குருதி உறைவதற்கான பொருள்களைச் செய்யும் ஈரலே படுத்துவிட்டதால், துளையிட்ட இடத்தில் குருதி கசியும் அச்சம் உண்டு. ஆகவே கண்மணியின் அசைவு, கண் நரம்பு உறையின் பருமன், நெற்றிப்பொட்டின் வழியே செவிக்கெட்டா ஒலி செலுத்திக் காணும் குருதியின் வேகம் ஆகியவற்றால் வெளியிலிருந்தே மதிப்பிடும் முறையும் பெருகியுள்ளது.

இவ்வுழைப்பெல்லாம் வீண் என்று எவரும் எண்ணற்க. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1973 முதல் 1978 வரை வந்தோருள் 16.7 விழுக்காட்டினரே பிழைத்தனர். 2004 முதல் 2008 வரை வந்தோருள் 62.2 விழுக்காட்டினர் பிழைத்தனர். மூளை அழுத்தம் மிகுந்தோர் தொகையும் 1984-88-இல் 76 விழுக்காடாக இருந்தது, 2004-08-இல் 20 விழுக்காடாகக் குறைந்தது. முன்னதாகவே மருத்துவமனை சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம்.

நிற்க. இந்நோய் நம்மவர்க்கு எவ்வழியில் வருகிறது? ஆங்கில நாட்டில் பாரசிட்டமால் மாத்திரையை அளவு மீறி விழுங்குதல் தலையாய காரணம். நம் நாட்டில் நெடுங்காலமாக முதலிடம் பெற்றது குடிநீர். 1955 திசம்பரில் தில்லி நகரக் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஏறத்தாழ 29,000 பேர்க்குக் காமாலை கண்டது. டாக்டர் விசுவநாதன் அதனை ஆராய்ந்து எழுதினார். பிறரினும் கருவுற்ற மகளிர் மிகுதியாக மாண்டதும் அப்போது புலப்பட்டது. அது எந்தக் கிருமி என்று அன்று எவரும் அறியார். அன்று சேமித்துவைத்த குருதியை 1980-இல் சோதித்து, அது ஏ வகைக் காமாலை அன்று என்றனர். 1983-இல் மாஸ்கோவைச் சேர்ந்த பலயான் என்பார், நோயாளிகளின் மலச்சாற்றைத் தாமே அருந்தி, தம் கழிவிலேயே கிருமியைக் கண்டு காட்டினார். இன்று அதனை ஈ வகை என்கிறோம். (அவையில் சிலர் மூக்கைப் பொத்துகின்றனர். அவர் அருந்தியிராவிடில் இன்னும் எத்தனை ஆண்டு கழிந்திருக்குமோ!) காமாலை கண்ட கருவுற்ற பெண்ணை வீட்டில் வைத்திருத்தல் கூடவே கூடாது என்பதைத் தாய்மார்கள் இதிலிருந்து கொள்க.

காசநோய்க்குத் தரும் மருந்துகளாலும் சிலர்க்கு ஈரல் கெடும். வாந்தியும் பசியின்மையும் காமாலையும் தோன்றினால் அன்றே மருந்து தந்த மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் வேறொரு துயரம் பெருகியிருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை அது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, குருதி நீர்மாற்றால் பலரைக் காக்க முயன்று எழுதி வருகின்றனர். 2022-இல் தமிழ்நாட்டு அரசு இதன் விற்பனையைத் தடுக்க முற்பட்டது. இதில் அறிய வேண்டுவது ஒன்று: முதல் ஓரிரு நாள் உடல் தேறிவிட்டது போலவே தோன்றும். "வாந்தி நின்றுவிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். அக்கம்பக்கத்தார் அறிந்தால் மானக்கேடு என்று மறைப்பர். உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். நலமாகத் தோன்றினும் உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும், மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுதல் வேண்டும், ஏசுதல் ஆகாது. அத்தகைய பசையை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டா. மனம் சோர்ந்தோர் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசுவதற்கு 14416 என்னும் அரசுத் தொலைபேசி 2022 முதல் இயங்குகிறது. அதற்கு நாட்டின் நடுவமாக நிற்பது நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமே. தமிழிலும் பேசலாம்.

வீட்டில் இந்நோய் எங்ஙனம் தொடங்கும் என்பதைச் சொல்லி முடிப்போம். காமாலை கண்டு ஐந்தாம் நாள் என்று வையுங்கள். இரவெல்லாம் விழித்திருந்த பையன் பகலில் உறங்குகிறான். எழுப்பினால் சிடுசிடுக்கிறான். "பாவம், பலவீனம், நன்றாகத் தூங்கட்டும்" என்று பாட்டி போர்வையை இழுத்துவிடுகிறார். மாலையில் தங்கையைப் பார்த்து அத்தையின் பெயர் சொல்லி அழைக்கிறான். "காய்ச்சல் உளறல்" என்கிறார் சித்தப்பா. இரவில் கத்துகிறான்; எவரோ ஒரு தூக்க மாத்திரை வாங்கி வருகின்றனர். "பேய் பிடித்திருக்குமோ" என்ற பேச்சும் எழுகிறது. மறுநாள் காலை அவனை எழுப்ப இயலவில்லை. இவர்களுள் ஒருவரும் அன்பில்லாதவர் அல்லர். உறக்கம் நோயின் அறிகுறி என்பதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை.

தூக்க மாத்திரை எக்காரணம் பற்றியும் கொடுத்தல் ஆகாது. மயக்கத்தை மிகுவிப்பதோடு மருத்துவர் கணிப்பையும் அது குழப்பும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சியோ கஷாயமோ ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கும். பக்கத்திலுள்ள சிவாஜி நகர் பௌரிங் மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ 108 வண்டியில் கொண்டுசெல்லுங்கள். அங்கே "பிலிருபின் எத்தனை?" என்பதோடு நில்லாமல், "குருதி உறையும் நேரம் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். விரைந்து வரும் வகையில் கண் அவ்வளவு மஞ்சளாகாத போதே மூளை வீங்கத் தொடங்கிவிடும். ஈரலின் வலிமையைக் காட்டுவது உறையும் நேரமே.

உரை முடிந்தபின் அவையோர் வினவியவற்றுள் இரண்டினை மலர்க் குழுவினர் விரும்பியவாறு ஈண்டுச் சேர்த்துள்ளோம்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்று ஓர் அம்மையார் கேட்டார். நீரால் வரும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. அவ்வாறு தணிந்தபோதெல்லாம் பச்சிலைக்குப் பெயர் வந்தது. எம் சொல்லால் அந்நம்பிக்கை போய்விடும் என்று யாம் எண்ணவில்லை. பச்சிலையை நம்பிச் சோதனையைத் தள்ளிவைத்தல் கூடாது என்பதே எம் வேண்டுகோள். நாள்தோறும் காலையும் மாலையும் நோயாளியை முழுதும் எழுப்பி, இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கைகளை முன்னே நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவது போல மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொல்லுங்கள். கை பறவையின் சிறகு போல விட்டு விட்டுத் துடித்தால், பச்சிலையைக் கீழே வைத்துவிட்டு வண்டியை அழையுங்கள். 1949-இல் பாஸ்டன் நகரத்து ஆடம்ஸ், ஃபோலி என்னும் இருவர் எடுத்துரைத்த குறி அது. காசு வேண்டாத சோதனை.

ஈரல் பகுதியைக் கொடுத்தவர் என்ன ஆவார் என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய ஈரல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. அறுவைக்குரிய இடர் கொடுப்பவர்க்கும் உண்டு. ஆதலின் அவரை நன்கு சோதித்த பின்னரே ஏற்பர். நம் நாட்டில் வெற்றி பெற்ற முதற் குழந்தை ஈரல் மாற்று 1998 நவம்பரில் தில்லி அப்போலோ மருத்துவமனையில் நடந்தது. குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. வயது 20 மாதம். பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்ட நோய். ஈரல் பகுதியைத் தந்தவர் தந்தையார். அக்குழந்தை வளர்ந்து மருத்துவம் பயின்று மருத்துவராகியிருக்கிறார்.